தோல் அடங்கும் வரை

ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் இறங்கினால் அது முதலில் தவிலின் தோலுக்குத்தான் தெரியும். கணீரென்று பேசிய வலப்பக்கத் தோலான வலந்தலை ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். சீசனில் ஸ்பேனர் இல்லாமல் நான் கச்சேரிக்குக் கிளம்புவதில்லை. வாரைப் பிடித்து இழுத்த காலம் போய், இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன. ஆனாலும் முறுக்குவதற்கு முன் தட்டிக் கேட்க வேண்டும். "தோலு என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேளுல, பெறவு அடி" என்பார் என் ஆசான்.

அதை ஓர் ஒலிப்பதிவு எனக்கு முழுதாகப் புரியவைத்தது. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மக்மில்லன் தாளக்கருவிகளுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதிய 'வேனி, வேனி, இம்மானுவேல்'. 1992இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அதை முதலில் வாசித்தவர் எவெலின் கிளென்னி. பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர்; அதிர்வைப் பாதத்தால் வாங்கிக்கொள்ள வெறுங்காலோடு வாசிப்பவர். முடிவில் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தங்கள் வாத்தியங்களை வைத்துவிட்டுச் சிறுமணிகளை எடுக்கிறார்கள். கிளென்னி குழாய்மணிகளை ஒலிக்கிறார். அந்த நாதம் தானாக அடங்கும்வரை யாரும் அசைவதில்லை.

வெறுங்காலால் கேட்பது எனக்கும் பழக்கம். குற்றாலநாதர் கோயில் பிராகாரத்தில் நின்று வாசித்தால், தவிலின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கழியின் அதிர்வு கல்தளம் வழியே உள்ளங்காலுக்கு வந்து சேரும். தவிலின் கட்டை பலா. அங்கே தல விருட்சமும் குறும்பலா. பக்கத்தில் பேரருவியின் இரைச்சல். அத்தனையும் சேர்ந்ததுதான் அந்த இடத்துத் தவில்.

ஒருமுறை எங்கள் மேளத்தைப் பதிவுசெய்தார்கள். மைக்கை வலந்தலைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தார்கள். கூடு மாட்டிய விரல்களின் சடசடப்பு மட்டுமே விழுந்தது; தொப்பியின் கும்காரத்தைக் காணோம். ஆறடி தள்ளி வைக்கச் சொன்னேன். நாயனமும் தவிலும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. ஆனால் வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானத்தின் கடைசி அடி விழுந்ததுமே பதிவை நிறுத்திவிட்டார்கள். பாதி வாசிப்பு போனதுபோல இருந்தது.

கோயில் மேளத்தைப் பதிவுசெய்யும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தீர்மானம் முடிந்ததும் பத்து விநாடி பொறுங்கள். கல்மண்டபம் திருப்பிச் சொல்வதும் எங்கள் வாசிப்புதான்.