கடைசி வரியைப் படியுங்கள்!

கல்யாணச் சமையல்காரர் சாமான் லிஸ்ட் மட்டும் எழுதித் தருவார். வாங்கி வைப்பது வீட்டுக்காரர். மார்ட்டின் ஃபவுலர் 2004-ல் 'டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்' என்று கட்டுரை எழுதியது இந்த ஏற்பாட்டைப் பற்றித்தான்! கிளாஸ் கேட்கும், ஸ்பிரிங் 'பீன்' எடுத்துக் கொடுக்கும்.

கொடுக்க முடியாவிட்டால்? திரை நிறைய இங்கிலீஷ்... குன்னத்தில் தமிழ் வழியில் படித்து வந்த எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. "டிப்ளமோவே வேணாம்டா, ஊருக்கே போயிடுறேன்" என்றான் அறைத் தோழன். கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரியை மட்டும் படித்துக் காட்டினேன்: 'நோ சச் பீன்'. சாமான் வரவில்லை, அவ்வளவுதான்! கிளாஸ் தலையில் '@சர்வீஸ்' போட்டோம், ஓடியது.

போட்டும் வரவில்லையா? ஸ்பிரிங் தேடும் பேக்கேஜுக்குள் அந்தக் கிளாஸ் இருக்கிறதா பாருங்கள். 'நோ யூனிக் பீன்' என்றால் ஒரே சாமான் இரண்டு வந்துவிட்டது. '@குவாலிஃபையர்' போட்டு, வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எரர் என்பது குறை இருக்கும் இடத்தின் விலாசம். விலாசம் கையில் இருக்க, படிப்பை ஏன் விடணும்?