ஒரு கதவு போட்டா என்ன?

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரைத் தட்டினால், அந்தப் பக்கம் கேரேஜில் நிற்கிற ஃப்ரீஸருக்குக் கேட்கும். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்தான். ஆனால், அந்த ஃப்ரீஸரிலிருந்து ஒரு பாக்கெட் தேங்காய்த் துருவல் எடுக்க வேண்டுமென்றால், பின்கதவைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தோட்டத்து ஓரமாகச் சுற்றி நடந்து, கேரேஜின் சின்னக் கதவைச் சாவி போட்டுத் திறக்க வேண்டும். மொத்தம் 23 எட்டு. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ரீடிங் நகரத்தில். இங்கே பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் கேரேஜ் வீட்டை ஒட்டியே இருக்கிறது. ஆனால் அதில் கார் நிற்பதில்லை. அந்தக் காலத்தில் கட்டிய கேரேஜுக்குள் இந்தக் காலத்துக் காரை நுழைத்தால், இறங்கக் கதவைத் திறக்க முடியாது. அதனால் கார் வெளியே மழையில் நனையும்; அரிசி மூட்டை உள்ளே சொகுசாக இருக்கும். கூடவே கொலு பொம்மைப் பெட்டிகள், கிரைண்டர், பழைய சைக்கிள், புல் வெட்டும் மெஷின், அதற்கான பெட்ரோல் கேன், பெயின்ட் டப்பாக்கள்... இவற்றுக்கு நடுவில்தான் அந்தப் பெரிய ஃப்ரீஸர்.

போன குளிர்காலம் வரை அந்த 23 எட்டு எனக்கு ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். ஜனவரியில் ஒரு நாள் அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

அத்தை, அதாவது என் மாமியார், கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். வயது 71. விசிட்டர் விசாவில் வந்தால் ஆறு மாதம் வரை இருக்கலாம். நவம்பரில் வந்தவர், இரண்டே வாரத்தில் அடுப்படியைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். அன்றைக்கு அடையும் அவியலும் செய்வதாகத் திட்டம். அவியலுக்குத் தேங்காய் வேண்டும்.

ஜனவரியில் இங்கே சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். எங்கள் தோட்டம் வடக்குப் பார்த்தது. காலையில் படிந்த பனி நாள் முழுக்க உருகாமல் கிடக்கும். அதிலும் கண்ணாடி மாதிரி மெல்லிசாகத் தரையோடு ஒட்டிக்கிடக்கிற ஐஸ் ரொம்ப மோசம். தரை ஈரமாக இருப்பது போலத்தான் தெரியும். கால் வைத்த பிறகுதான் ஐஸ் என்று புரியும்.

அத்தை எட்டாவது எட்டிலோ ஒன்பதாவது எட்டிலோ விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "நல்லவேளை, இடுப்பு போகலை" என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட. இந்த வயதில் இடுப்பு எலும்பு உடைந்திருந்தால் கதையே வேறு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ராத்திரி, என் கணவர் அடுப்படியில் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்கே ஒரு கதவு போட்டா என்ன? கதவு இருந்திருந்தா அம்மா விழுந்திருக்கவே மாட்டாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த வாரமே ஒரு பில்டர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், டேப் பிடித்தார், பிறகு பேச ஆரம்பித்தார். கதவு போடுவது என்றால் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கதவை மாட்டுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுவர் மாடியைத் தாங்குகிறது. அதனால் மேலே லிண்டல் வைக்காமல் செங்கல்லைத் தொடவே கூடாது. கட்டட விதிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். போடுகிற கதவும் சாதாரணக் கதவு இல்லை. 30 நிமிடம் தீயைத் தாங்குகிற கதவு. இங்கே அதற்கு 'எஃப்.டி. 30' என்று பெயர். கதவைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும். சூடு பட்டால் அது உப்பி இடுக்கை அடைத்துவிடும். புகை நுழையாமல் இருக்க இன்னொரு தடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கதவு தானாகவே மூடிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் ஒரு சாதாரண வீட்டுக்குள் இருக்கிற மற்ற கதவுகளுக்கு இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. கேரேஜுக்குப் போகிற கதவுக்கு மட்டும் உண்டு.

இன்னொரு விதியும் இருக்கிறது. கேரேஜ் தரையைவிடக் கதவு குறைந்தது 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது நாலு அங்குலப் படி. இல்லையென்றால், கொட்டுகிற பெட்ரோல் வீட்டுப் பக்கம் வராமல் ஓடுகிற மாதிரி தரை சரிவாக இருக்க வேண்டும்.

"எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டேன். பில்டர் எங்கள் பெட்ரோல் கேனைக் காட்டினார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்து, கதவு இடுக்கைத் தேடி வரும். இந்தப் பக்கம் நாம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நிற்போம். காரை உள்ளே நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கார் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது அது அதிகமாக வரும். கேரேஜின் பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கொஞ்சம் வீட்டுக்குள் நுழையத்தான் செய்யும். சுவரில் கதவு இல்லாதவரை அந்தச் சுவர் சும்மா நிற்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

பிறகு கணக்கு. 2,800 பவுண்டு. அதுபோக, கதவு வருகிற இடத்தில் இருக்கும் இரண்டு அலமாரிகள் போகும். அதில் ஒன்று எங்கள் சாமி அலமாரி.

கணவர் யோசிக்கவே இல்லை. "அம்மாவுக்காக" என்றார்.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி ஒரு கதவு இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு போனோம். மாவுக்கட்டு பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது.

கதவு மூடியிருக்கும் என்று நினைத்துப் போனால், அகலத் திறந்து கிடந்தது. அடியில் ஒரு பெயின்ட் டப்பா முட்டுக் கொடுத்திருந்தது. அந்த வீட்டு அம்மா கொஞ்சம் வெட்கத்தோடு, "ஒவ்வொரு தடவையும் தள்ள முடியலை, அதான்" என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்தார். கதவு மெதுவாக நகர்ந்து, கடைசியில் 'டொக்' என்று மூடிக்கொண்டது.

"அத்தை, நீங்க ஒரு தடவை திறந்து பாருங்க" என்றேன்.

நல்ல கையால் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். கதவு கனமானது, தள்ளத் தள்ள அது திருப்பித் தள்ளியது. தோளைக் கொடுத்துத் திறந்தார். கீழே நாலு அங்குலப் படி. காலைக் கீழே வைக்கத் தேடுவதற்குள் கதவு முதுகில் வந்து இடித்தது. கணவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

அத்தை திரும்பி அவரைப் பார்த்தார். "ஏண்டா, ஐஸ்ல விழக் கூடாதுன்னு இங்கே விழணுமா?"

எல்லாரும் சிரித்தோம். கணவரும் சிரித்தார். ஆனால் முகம் வாடிவிட்டது.

வீடு திரும்பும்போது எனக்கு அந்தப் பெயின்ட் டப்பாதான் கண்ணில் நின்றது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும். இரண்டு கையிலும் பாத்திரத்தோடு நான் நாலு தடவை போய் வருவேன். ஐந்தாவது தடவை ஒரு அரிசி மூட்டையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடுவேன். 2,800 பவுண்டு கொடுத்துத் தீயைத் தடுக்கும் கதவு வாங்கி, அரிசி மூட்டையால் அதைத் திறந்து வைத்திருப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு ராத்திரிதான் கணவரிடம் அதைச் சொன்னேன்.

அத்தை விழுந்த நாள், நான் மாடியில் ஆபீஸ் வேலையாக இருந்தேன். மூன்றரை மணிக்கு அத்தை மாடிப்படி அருகே வந்து, "கொஞ்சம் தேங்காய் எடுத்துக் குடும்மா" என்று கேட்டார். "அஞ்சு நிமிஷம், அத்தை" என்றேன். மீட்டிங் நீண்டது. முடிந்ததும் அடுத்த மீட்டிங். ஒரு மணி நேரம் கழித்து, தோட்டத்திலிருந்து சத்தம் கேட்டபோதுதான் தேங்காய் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தார் என்று கேட்டபோது அத்தை இதைச் சொல்லவே இல்லை. "நான்தான் அவசரப்பட்டுப் போயிட்டேன்" என்று முடித்துவிட்டார். அவர் சொல்லாமல் இருந்ததால், நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

"கதவு இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டாங்கன்னு நீங்க ஒவ்வொரு தடவை சொல்றப்பவும், நான் அஞ்சு நிமிஷத்துல வந்திருந்தா விழுந்திருக்க மாட்டாங்கன்னு எனக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நானும் அன்னைக்குப் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். அம்மா உன்னைத்தான் கேட்டாங்க. என்னைக் கேட்கணும்னு அவங்களுக்குத் தோணவே இல்லை. எனக்கும் தோணலை."

ஆக, அந்தக் கதவு அத்தைக்காக இல்லை. எங்கள் இரண்டு பேர் மனசுக்காக.

மறுநாள் காலையில் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தோம். கேரேஜுக்கு எப்படிச் சுலபமாகப் போவது என்பதல்ல. தினமும் வேண்டிய பொருள் எதற்காகக் கேரேஜில் இருக்கிறது? எழுதிப் பார்த்தால் மொத்தம் ஐந்தே சாமான்கள்தான். தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை, உறைந்த பட்டாணி, அரிசி, துவரம்பருப்பு. இதற்கா சுவரை உடைப்பது?

அடுப்படி மேடைக்குக் கீழே அடங்குகிற மாதிரி 50 செ.மீ. அகலத்தில் ஒரு சின்ன ஃப்ரீஸர் வாங்கினோம். எப்போதோ எடுக்கிற பெரிய பாத்திரங்கள் கேரேஜுக்குப் போயின. அந்த இடத்தில் அரிசி டிரம் வந்தது. தோட்டத்துப் பாதையில் ஆள் வந்தால் தானாக எரிகிற விளக்கு, சுவரோடு ஒரு கைப்பிடிக் குழாய், பின்கதவுக்குப் பக்கத்தில் ஐஸ் மேல் தூவ ஒரு வாளி உப்பு. எல்லாம் சேர்ந்து கதவுச் செலவில் கால்வாசிகூட ஆகவில்லை. சாமி அலமாரியும் அதே இடத்தில் இருக்கிறது.

கதவு போடுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். சக்கர நாற்காலியில் இருப்பவரை மழையில் நனையாமல் காரில் ஏற்ற வேண்டும் என்றாலோ, கேரேஜில்தான் துணி துவைக்கிற மெஷின் இருக்கிறது என்றாலோ, அது தேவைதான். அப்போது விதிப்படி போடுங்கள். போட்ட பிறகு முட்டுக் கொடுக்காதீர்கள். ஆனால் முடிவெடுக்கும் முன், யாருக்காகப் போடுகிறீர்களோ அவரை ஒரு தடவை அந்த மாதிரிக் கதவைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் அவ்வளவு நாள் பேசியும், அந்த ஒன்றைத்தான் கடைசியில் செய்தோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தை சொன்னார்: "நம்ம வீட்டுல உங்க மாமா ரேழியிலதான் டி.வி.எஸ். 50-ஐ நிறுத்துவாரு. பக்கத்துலயே நான் விளக்கேத்துவேன். அப்போ யாருக்கு இதெல்லாம் தெரிஞ்சுது?" அன்று சாயங்காலமே ஊரில் இருக்கிற கொழுந்தனாருக்கு வீடியோ காலில் உத்தரவு போனது: ராத்திரியில் வண்டியை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது, திண்ணையோடு சரி.

ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பும்வரை, அத்தை புது ஃப்ரீஸரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பார். இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. நானோ கணவரோ "அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால், பேசாமல் போய் அடுப்பில் இருக்கிற டைமரைச் சரியாக 5 நிமிடத்துக்கு வைத்துவிடுவார்.

அது அடித்தால் மாடி வரைக்கும் கேட்கும்.