அவரவர்க்கு உரியது

சொல்லுக்குக் கேடு இருவாற்றான் வரும். வழக்கொழிந்து மறைதல் ஒன்று. வடிவு திரியாது நின்றே பொருள் திரிதல் மற்றொன்று. முன்னையது காலத்தின் செயல். பின்னையது சிலபோது கொடியோர் செயலாலும் நேரும். ஜெர்மனி தேயத்து நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்றாம்.

'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு' என்பது உரோமருடைய பழைய அறவுரை. சிசரோ முதலிய சான்றோர் நீதிக்கு இதனையே இலக்கணமாகக் கொண்டனர். 533-ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் பேரரசன் வெளியிட்ட சட்டநூலும் இக்கருத்தை முகப்பிலே வைத்தது. 1715-இல் வைமார் நகரில் பாக் என்னும் இசைப்புலவர் இத்தொடர் அமைந்த வழிபாட்டுப் பாடலொன்றுக்கு இசை வகுத்தார்.

அவ்வைமாருக்கு அணித்தாகிய குன்றின்மேல் 1937-இல் நாஜிக் கட்சியார் பூகன்வால்ட் என்னும் சிறைமுகாமை நிறுவினர். அதன் இருப்புக் கதவிலே இவ்வறவுரையைப் பொறித்தனர். புறத்திருந்து வருவோர்க்கன்றி, உள்ளே அடைபட்டு நின்றார்க்கே எழுத்துக்கள் நேராகத் தோன்றின. 1945 வரை ஆங்கு அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 2,78,000 பேர். மாண்டோர் ஏறத்தாழ 56,000 பேர்.

ஈண்டுச் சொல்லில் ஓரெழுத்தும் மாறிற்றில்லை. மாறியது யாதெனின், உரியதை வரையறுப்போன் யாவன் என்பதே. முன்னோர் கருத்தில், ஒருவற்கு உரியது அவன்பால் முன்னரே உள்ளது. அதனை அளித்தல் ஆள்வோன் கடன். கொடியோர் கருத்திலோ, யாம் இடுவது யாதோ அதுவே நுமக்குரியது என்றாயிற்று. கடமையைக் கூறிய சொல் தண்டனையைக் கூறலாயிற்று. அவர் புதுச்சொல் படைத்திலர்; நன்மதிப்புடைய சொல்லையே கவர்ந்தனர். மதிப்பில்லாச் சொல் கொடுமையை மறைத்தற்கு உதவாதன்றோ?

அவ்வெழுத்துக்களை வரைந்தவர் பிரான்ஸ் எர்லிக் என்னும் சிறையாளர். நாஜிகளின் நெருக்கத்தால் 1933-இல் மூடப்பட்ட பௌஹவுஸ் கலைப்பள்ளியிற் பயின்றவர். ஏவலை மறுத்தற்கியலாத அவர், நாஜிகள் வெறுத்த அப்பள்ளியின் எழுத்துமுறையைத் தழுவியே அவற்றை அமைத்தார். காவலர் அதனை உணர்ந்திலர். பொருளைக் கெடுத்தார் கையினின்றும் வடிவையேனும் அவர் காத்தார் என்க.

இன்றும் ஜெர்மனியில் அத்தொடர் புண்பட்டே நிற்கின்றது. 1998-இலும் 2009-இலும் வணிகர் சிலர் அதனை விளம்பரத்தில் வழங்க, எதிர்ப்பெழுந்து அவை நீக்கப்பட்டன. அச்சொல்லை அறவே விலக்குதல் கவர்ந்தோர்க்கே அதனை உரிமையாக்குதலாம். நினைவின்றி வழங்குதல் மாண்டோரை மறத்தலாம். ஆதலின் வரலாறறிந்து, நீதியைக் கூறவேண்டிய இடத்து அஞ்சாது அதனைக் கூறுதலே தக்கது. கவரப்பட்ட பொருளை உரியவர்க்கு மீட்டளித்தலும் அவ்வறவுரை விதித்த கடனேயன்றோ!