மேல்வாசல்

1998ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலக முகப்பில் சாய்தளம் ஒன்றைக் கட்டி முடித்தேன். அப்போது நான் கட்டட மேற்பார்வையாளன். வாசலில் மூன்று படிகள். உயரம் ஒன்றரை அடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. ஆக 18 அடி வேண்டும். இருந்த இடமோ ஆறடி. ஆறடிக்குள் முடித்துப் பூச்சும் பூசி, பதிவேட்டில் ‘சாய்தளம் உண்டு’ என்றெழுதிக் கையொப்பமிட்டேன். அன்று நெஞ்சு உறுத்தவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுகள் பல கழிந்தன. என் தமக்கையின் மகன் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தான். சான்றிதழ் ஒன்றின் பொருட்டு அவனைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி அதே அலுவலகத்துக்குத் தள்ளிச் சென்றேன். பாதி ஏறுமுன்னரே முன்சக்கரங்கள் தரையை விட்டெழுந்தன. வழிப்போக்கர் இருவர் ஓடிவந்து தாங்கியிராவிடில் பிள்ளையின் பின்மண்டை சிதைந்திருக்கும்.

“இதைக் கட்டினவர் ஒருமுறையேனும் இதில் ஏறிப் பார்த்திருப்பாரா, மாமா?” என்றான். கட்டினவன் அவன் பின்னால் நாற்காலியைப் பற்றியபடி நின்றிருந்தேன்.

அண்மையில், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கருகே மலைமக்களின் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தும் அன்பர் ஒருவர், தம் கட்டடத்தைத் தணிக்கை செய்து தரும்படி வேண்டினார். சேவை நடத்தும் தனியாரும் விதிகள் வெளியான ஈராண்டுக்குள் அணுகல் தரங்களுக்கு இணங்க வேண்டுமென்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். விதிகளோ 2017 ஜூனிலேயே வந்துவிட்டன. அத்தரங்கள் வெறும் வழிகாட்டுதல்களாயிருந்தால் போதாது, கட்டாயமாதல் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அன்பர் எதிர்பார்த்தது ஒரு சான்றுத் தாள். நான் மருமகனையும் உடன் அழைத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக ஜீப்பில் மலையேறினேன்.

தணிக்கையை வாசலில் தொடங்கவில்லை. ஜீப் நின்ற இடத்தில் தொடங்கினோம். அங்கிருந்து படுக்கைக்கூடம், உண்ணுமிடம், தண்ணீர்க் குழாய், கழிவறை என்று ஒரு மாணவன் ஒரு நாளில் போகும் வழியெல்லாம் பிள்ளை போனான். நான் நாடா பிடித்தேன். கழிவறைக் கதவின் அகலம் இரண்டடி. நாற்காலிக்கு மூன்றடியாவது வேண்டும். போதாக்குறைக்கு அக்கதவு உட்புறமாகத் திறந்தது. உள்ளே ஒருவன் விழுந்து கதவை மறித்துக் கிடந்தால் வெளியிலிருப்பவர் எப்படித் திறப்பது? உணவுக்கு அழைக்க மணி மட்டுமே இருந்தது. செவி கேளாப் பிள்ளைக்கு விளக்கொன்று எரிய வேண்டும்.

முன்வாசலில் ஒன்பது படிகள். நான்கரை அடி உயரம். 54 அடி நீளச் சாய்தளம், இடையிடையே நிற்கத் தளம் வேறு என்றதும் அன்பரின் முகம் வாடியது.

“பின்பக்கம் போய்ப் பார்ப்போம், மாமா” என்றான் பிள்ளை.

மலைச்சரிவில் எழுந்த கட்டடமல்லவா! பின்புறத்து நிலம் உயர்ந்து, தளத்துக்குச் சமமாகவே இருந்தது. விறகு கொண்டுவர வைத்த கதவு, நிலைப்படி இரண்டங்குலமே. பாதையில் சேறு, கதவில் பூட்டு, சாவி சமையற்காரரிடம். ஜீப் நிற்கவும் அப்பக்கம் இடமிருந்தது.

மஃரிபுக்குள் மலையிறங்கி, இரவே அறிக்கையை எழுதத் தொடங்கினேன். குறைகளின் பட்டியலாக அது இருக்கக்கூடாதென்பதில் உறுதியாயிருந்தேன். பூட்டைக் கழற்றுவதும் கழிவறைக் கதவை வெளிப்புறம் திறக்க மாற்றுவதும் முதற்பக்கத்தில் வந்தன. சேற்றுப் பாதைக்கு வடிகாலோடு தளமிடுதல், நிலைப்படியைச் சரித்தல் ஆகியவற்றுக்குக் கொத்தனார் பார்த்தவுடன் விளங்கும்படி படம் வரைந்து, செலவும் குறித்தேன். பொறுத்துச் செய்யத்தக்கவை எவை, பொறுக்கலாகாதவை எவை என்றும் பிரித்தெழுதினேன். வேலை முடிந்தபின் இதே நாற்காலியோடு வந்து பார்த்த பிறகே கையொப்பமிடுவேன் என்றும் சேர்த்தேன்.

பெயர்ப்பலகையை மேல்வாசலுக்கு மாற்றுங்கள், எல்லோரும் அவ்வழியே வரட்டும் என்றெழுதியதற்கு மட்டும் அன்பர் தயங்கினார். “விருந்தினரைப் பின்வாசல் வழியாகவா அழைப்பது, பாய்?” என்று கேட்டார். இன்னும் முடிவு சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சியில் நான் கட்டிய சாய்தளம் அப்படியே நிற்கிறது. சென்ற வாரம் அதனையும் அளந்து, கட்டியவன் பெயரையும் குறித்து, அவ்வலுவலகத்துக்குப் பதிவஞ்சலில் அனுப்பினேன்.