புகார் சொல்லாத பாதங்கள்

செருப்புத் தொழிலில் நம் வேலையின் குறையை முதலில் சொல்வது போட்டுக்கொள்பவரின் கால்தான். "சுண்டு விரல்கிட்ட கடிக்குதுப்பா" என்று திருப்பிக் கொண்டுவருவார். அந்த இடத்தைத் தளர்த்திக் கொடுப்போம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் என்று படிப்படியாகத் தொழில் கற்ற என்னைப் போன்றவர்களுக்கு இது பாலபாடம். தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களுக்குச் செருப்புச் செய்ய வந்தபோது அந்தப் பாடம் உதவவில்லை. அந்தக் கால் கடிக்கிறது என்று சொல்லாது. ஆணி ஏறினாலும் சொல்லாது. தரையில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரியும். சபையில் ஊழியம் செய்வது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதும் இந்தப் பாதங்களிடம்தான்.

இந்தச் செருப்புக்கு வேலூரில் ஒரு வரலாறு உண்டு. மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டட வேலை பழகியவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன விரல்களைப் பார்த்த பிறகு, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து அந்தக் கைகளை மறுபடி வேலை செய்ய வைத்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி உதிரும் என்றுதான் அன்று பலரும் நம்பினார்கள். அவரும் உடன் உழைத்தவர்களும் புண்களைக் கூர்ந்து கவனித்து வேறொன்றைக் காட்டினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாததால் மனிதர் காயத்தின் மேலேயே நடக்கிறார், அதனால் பாதம் அழிகிறது. அப்படியென்றால் பாதத்தைக் காப்பாற்ற முடியும். மருந்தைப் போலச் செருப்பும் சிகிச்சையானது. 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொடங்கிய ஷிஃப்பெலின் தொழுநோய் ஆய்வு நிலையத்திலும் இந்த வேலை வளர்ந்தது.

எம்.சி.ஆர். என்று நாங்கள் சொல்லும் நுண்துளை ரப்பர்தான் இதன் உயிர். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நன்றாக அமுங்க வேண்டும். விட்டால் உடனே எழும்ப வேண்டும். அமுங்கி அப்படியே கிடக்கும் ஷீட் உதவாது. அடியில் முள்ளும் கண்ணாடியும் ஏறாத கெட்டியான சோல். ஆணி ஒன்றுகூடக் கூடாது, சொல்யூஷனும் தையலும்தான். விரல்கள் குறுகிப்போன கால் செருப்பைப் பிடித்துக்கொள்ளாது, ஆகவே குதிகாலுக்குப் பின்னால் வார் வேண்டும். செய்து முடித்ததும் உள்ளே விரலை விட்டு, தையல் முடிச்சு, வாரின் ஓரம், பசை காய்ந்த திட்டு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

அதோடு வேலை முடிவதில்லை. சிறிது நேரம் போட்டு நடக்கச் சொல்லி, கழற்றி, பாதத்தைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். ஓரிடம் சிவந்து, அந்தச் சிவப்பு மறையாமல் நின்றால் அங்கே அழுத்தம் இருக்கிறது. புறங்கையை வைத்தால் அந்த இடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கும். "எனக்கு நல்லாதான் இருக்கு தம்பி, விடு" என்பார் பெரியவர். விடக் கூடாது. அவருடைய நரம்பு செய்ய வேண்டிய வேலையை என் கண்ணும் கையும் செய்தாக வேண்டும்.

சபையிலும் இதுதான் நடக்கிறது. மைக் கரகரத்தால் அடுத்த வாரமே சரியாகிவிடும். சொல்வதற்கு ஆள் இருக்கிறது. தோல் ஷாப்பில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் பார்ப்பவர், கம்பெனி வேனில் விடியற்காலையில் போய் இருட்டிய பின் வீடு திரும்பும் பெண், படுக்கையோடு கிடக்கும் பாட்டி, இவர்களெல்லாம் ஆராதனைக்கு வராமல் போனாலும் புகார் சொல்ல மாட்டார்கள். புகார் இல்லாததால் குறையில்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். முழு மனதோடு ஊழியம் செய்வதென்றால், கேட்காதவர் வீட்டுக்கு நாமே போய்ப் பார்ப்பதுதான். கமிட்டியில் பதவி இருந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை.

மனம் மட்டும் போதுமா என்று கேட்டால், டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்வேன். சி.எம்.சி.யில் பணியாற்றியவர். 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அதோடு நிற்காமல் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். அர்ப்பணிப்பு என்றால் அழுது ஜெபிப்பது மட்டுமல்ல, தேவையான வேலையைக் கற்றுத் தேர்வதும்தான் என்று அவர் வாழ்க்கை சொல்கிறது. அன்போடு செய்த செருப்பிலும் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருந்தால் அது புண்ணாக்கத்தான் செய்யும்.

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1980களில் வந்த கூட்டு மருந்து நோயைக் குணமாக்குகிறது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005இல் எட்டியது. ஆனாலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது. கிருமி போன பிறகும் செத்த நரம்பு திரும்புவதில்லை. குணமானவருக்கும் ஆயுசு முழுக்கச் செருப்பு வேண்டும். அதுவும், பார்த்தவுடனே "இது அந்த நோய்க்காரர் செருப்பு" என்று ஊர் அடையாளம் காணாத செருப்பாக. பார்வைக்கு மட்டமான செருப்பை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்காலில் வருவார். அதனால்தான் கடைத்தெருவில் தொங்கும் மாடலைப் பார்த்து வாரை வெட்டுகிறேன்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைச் சபைகளில் ஸ்கைவிங்கும் தையலும் தெரிந்த கைகள் ஏராளம். பெரிய வியாழனன்று இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நாம் வாசிக்கிறோம். தம்பிகளே, தங்கைகளே, தோல் வேலையைச் சிறுமை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் தெருவில் காலில் புண்ணோடு நடக்கும் ஒருவரை இந்த வாரம் உட்கார வைத்து, அவர் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பு தேய்ந்ததா என்று அடுத்த மாதமும் போய்ப் பாருங்கள்.