அழித்தாலும் குறையாத இடம்

"சார், 200 ஜிபி அழிச்சிட்டேன், இடம் கொஞ்சம்கூட வரலையே!" ஆராய்ச்சி மாணவர்களுக்கான சர்வரைப் பராமரிக்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. மாணவர் சொல்வது உண்மைதான். அவர் ஃபோல்டரில் அந்த ஃபைல் இல்லை. ஆனால் நேற்றிரவு ஃபைல்கள் இருந்த நிலையை அப்படியே காக்க எடுத்த ஸ்னாப்ஷாட் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் சர்வரில் ஓடுவது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். ஜெஃப் போன்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் 2001-ல் எழுதத் தொடங்கியது. 2005-ல் ஓப்பன்சோலாரிஸ் வழியாக வெளியே வந்தது. ஏற்கெனவே எழுதிய பிளாக்கின் மேல் அது திரும்ப எழுதாது. மாற்றத்தைக் காலியான வேறு இடத்தில் எழுதிவிட்டு, பாயின்ட்டரை அந்தப் பக்கம் திருப்பிவிடும். ஆகவே ஸ்னாப்ஷாட்டில் எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. 'பழைய பிளாக்குகளைக் காலி செய்யாதே' என்ற உத்தரவு மட்டும்தான் அது. பல டெராபைட் இருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அப்போதைக்கு இடமும் ஏறக்குறைய பிடிக்காது. செலவெல்லாம் பின்னால் வரும். ஃபைல்கள் மாற மாற, அழிய அழிய, ஸ்னாப்ஷாட் கனத்துக்கொண்டே போகும்.

எவ்வளவு கனத்திருக்கிறது என்று பார்ப்பதில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். ஸ்னாப்ஷாட் பட்டியலில் 'யூஸ்ட்' என்ற பத்தியில் தெரிவது, அந்த ஒரு ஸ்னாப்ஷாட் மட்டுமே பிடித்திருக்கும் இடம். அழித்த 200 ஜிபியைத் திங்கள் இரவு ஸ்னாப்ஷாட்டும் செவ்வாய் இரவு ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து பிடித்திருந்தால், அந்த 200 இரண்டின் கணக்கிலும் வராது. திங்களை அழித்தால் செவ்வாயின் கணக்கு திடீரென 200 ஜிபி ஏறும். பத்தியைக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. 'டிஸ்ட்ராய்' கமாண்டில் என், வி ஆப்ஷன்கள் இரண்டையும் சேர்த்து, முதல் ஸ்னாப்ஷாட்டுக்கும் கடைசிக்கும் நடுவே சதவீதக் குறி போட்டால், எதையும் அழிக்காமலே எவ்வளவு இடம் திரும்பும் என்று சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் நான் எதிலும் கை வைப்பதில்லை.

அடுத்த சிக்கல், இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? 'கோட்டா' என்ற இட வரம்பை மட்டும் வைத்தால் ஸ்னாப்ஷாட் பிடித்த இடமும் மாணவர் கணக்கில் சேரும். ஸ்னாப்ஷாட்டை எப்போது எடுப்பது, எத்தனை நாள் வைப்பது என்று முடிவு செய்தவன் நான். அழிக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. காலி செய்த வீட்டுக்கு வாடகை கேட்பது போன்றது இது. அதனால் மாணவருக்கு 'ரெஃப்கோட்டா' வைக்கிறேன். இப்போது அவர் கையிருப்பில் உள்ளதை மட்டும்தான் அது எண்ணும். அழித்தால் இடம் உடனே தெரியும்.

அதற்காக அது மட்டும் போதாது. சிமுலேஷன் ஓட்டும் ஒருவர் தினம் 100 ஜிபி தற்காலிக ஃபைல்களை எழுதி, இரவு ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு மறுநாள் அழிக்கிறார் என்று வையுங்கள். அவர் ரெஃப்கோட்டாவைத் தாண்டவே மாட்டார். முப்பது நாள் ஸ்னாப்ஷாட் வைத்தால் 3 டெராபைட் காணாமல் போயிருக்கும். ஆகவே ரெஃப்கோட்டா 500 ஜிபி என்றால், அதற்கு மேல் கோட்டா 1 டெராபைட் என்று இரண்டையும் போடுவேன். இடைவெளி ஸ்னாப்ஷாட்டுக்கு. அது நிரம்பினால் பழையதை அழிக்க வேண்டியது என் வேலை, மாணவருடையது அல்ல.

முழுக்க நிரம்ப விடுவது வேறு வினை. அழிப்பதும் இசட்எஃப்எஸ்ஸுக்குப் புதிதாக எழுதுவதுதான் என்பதால், அழிக்கப் போனாலே 'கோட்டா தாண்டிவிட்டது' என்று மறுப்பதுண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4-ல் மென்வரம்பு, கடும்வரம்பு என்று இரண்டு உண்டு; முதலாவதைத் தாண்டினாலும் வழக்கமாக ஏழு நாள் அவகாசம் தருவார்கள். அந்த இரக்கம் இதில் இல்லை. அதனால் 80 சதவீதத்தில் மெயில் போக ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட்டும் அசல் ஃபைல்களும் ஒரே டிஸ்க்குகளில் இருக்கின்றன; டிஸ்க்குகள் போனால் எல்லாம் போச்சு. 'சென்ட்' கமாண்ட் கொடுத்து வேறு மெஷினுக்கு அனுப்பினால்தான் அது பேக்கப்.

சர்வர் பயன்படுத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: தற்காலிக ஃபைல்களை ஹோம் ஃபோல்டரில் எழுதி அழிக்காதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுக்காத 'ஸ்கிராட்ச்' பகுதி அதற்காகவே இருக்கிறது. முதலிலேயே அங்கே எழுதுங்கள்.