மனுவில் எழுதும் நேர்மை

புதுச்சேரி சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகளின் தாள்களில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: நான் ஹானஸ்ட், சின்சியர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே தாத்தா" என்கிறார்கள். இல்லையப்பா, ஒன்றில்லை.

நம் பேச்சிலேயே இந்தப் பிரிவுகள் உண்டு. சொன்ன தேதியில் கடனைத் திருப்புகிறவர் நாணயமானவர். கல்லாப்பெட்டியை நம்பி விட்டுப்போகலாம் என்றால் அவருக்குக் கை சுத்தம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவர் வேறு, சூதுவாது தெரியாத வெள்ளந்தி வேறு. நாணயமான மனிதரும் மனதில் இருப்பதை ஒருநாளும் வெளியே விடாமல் இருக்கலாம்.

ஆங்கிலத்தையும் இப்படி ஆளோடு சேர்த்துப் பாருங்கள். ஹானஸ்ட் என்பது நடத்தை. ஸ்டோரில் வந்த சரக்குக்கும் போன சரக்குக்கும் கணக்குச் சரியாக வைப்பவருக்கு அது பொருந்தும். ட்ரூத்ஃபுல் என்பது சொல். அளவுக்கருவி காட்டிய எண்ணை, மேலதிகாரிக்குப் பிடிக்காது என்று தெரிந்தும், பதிவேட்டில் அப்படியே எழுதுகிறவர் அவர். சின்சியர் என்பது மனம். வாய் சொல்லும் நன்றி நெஞ்சிலும் இருந்தால் அது சின்சியர். நாம் அதை ஒழுங்காக வேலை பார்ப்பவருக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளூர் மேலாளருக்கு அது புரியும், வெளிநாட்டுக் கம்பெனிக்காரருக்குப் புரியாது. உழைப்பைச் சொல்ல ஹார்ட்வொர்க்கிங் இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது ஃப்ராங்க். பிரான்சுக்குப் பெயர் கொடுத்த ஃப்ராங்க் இனத்தாரிடமிருந்து வந்த சொல் அது. பழைய பிரெஞ்சில் அதற்குச் சுதந்திரமானவன் என்று பொருள். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணில் இருக்கும் நாம் இதை யோசிக்க வேண்டும். யாருக்கும் அடிமையில்லாதவனால்தான் மனம்விட்டுப் பேச முடியும். இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழன்றிருப்பதைப் பார்த்தும் ஒப்பந்தத் தொழிலாளி வாயைத் திறக்காவிட்டால், அவனை நேர்மையில்லாதவன் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற பயத்தில் இருப்பவன் அவன். ஃப்ராங்கான ஆள் வேண்டும் என்று கேட்கிற நிர்வாகம், பேசியவனை வீட்டுக்கு அனுப்பாது என்ற உறுதியை முதலில் தர வேண்டும்.

கேண்டிட் என்றால் பூசிமெழுகாமல், உள்ளதை உள்ளபடி சொல்வது. லத்தீனில் அதன் வேர் வெண்மை. இதற்கு நம் புதுச்சேரியிலேயே ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். டூப்ளேயின் மனைவி மீது தமக்கிருந்த கசப்பையெல்லாம் அதில் கொட்டியிருக்கிறார். ஆளுநரிடம் வேலை பார்க்கிறவர் அதையெல்லாம் சபையில் பேசிவிட முடியுமா? அந்த ஏட்டில் அவர் கேண்டிட். சபையில் அளந்து பேசியதற்காக அவரைப் பொய்யர் என்பது அநியாயம்.

பிளண்ட் என்ற சொல்லை உங்களுக்கு நீங்களே சூட்டிக்கொள்ளாதீர்கள். கேட்பவர் மனம் புண்படுமே என்று பார்க்காமல் பேசுகிறவனுக்கு அந்தப் பெயர்.

எந்தச் சொல்லை எழுதினாலும், பக்கத்திலேயே அதற்கொரு செயலையும் எழுதுங்கள். கடையில் வேலை பார்த்தபோது தினமும் கல்லாவை எண்ணி ஒப்படைத்தவன் நீ என்றால் அதையே எழுது, தம்பி. நேர்காணலில் கேள்வி அதிலிருந்துதான் வரும். உனக்குப் பதிலும் தெரிந்திருக்கும்.